வளை நெகிழாத நோய்

அகப்பாடல்களில் தலைவியின் நோய்க்குச் சாட்சிகள் உண்டு. தோளில் பசலை படரும், கைவளை நெகிழும், நெற்றி ஒளி இழக்கும். மயிலாப்பூரில் வசிக்கும் என் அக்காவுக்குப் பல ஆண்டுகளாக ஃபைப்ரோமயால்ஜியா. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். வளை நெகிழவில்லை. அதனால் உறவினர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பல்.

தசையிலும் மூட்டிலும் சேதம் இருக்காது. வலியைக் கையாளும் நரம்பு மண்டலம் சாதாரண அழுத்தத்தையும் வலியாகப் பெருக்கிவிடுகிறது என்பது இன்றைய மருத்துவ விளக்கம். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராது. மாடவீதியில் நடந்து காய்கறி வாங்கி வந்தால், மறுநாள் குக்கரைத் தூக்கக் கை வராது. அந்த நடையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்: "நேத்து நல்லாத்தானே இருந்தே?"

தொல்காப்பியம் பிணியை மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து இளிவரல் என்ற மெய்ப்பாட்டில் வைக்கிறது. காதலால் வரும் நோயோ அகத்திணையின் உயிர்நாடி. ஒரு பெண்ணின் வலிக்கு ஆண் காரணமாக இருந்தால் அது கவிதை, இல்லாவிட்டால் இழிவு என்றே இந்தப் பாகுபாட்டை நான் வாசிக்கிறேன்.

மகளின் மெலிவைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் என்று நம்பி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். அக்காவுக்கும் பரிகாரம், விரதம், "மனசை வேற எதுலயாவது திருப்பு" என்று வெறியாட்டுகள் ஓயவில்லை. தலைவிக்கு ஒரு தோழி இருந்தாள். உண்மையைச் சொல்லி அறத்தொடு நின்றாள். ஆனால் அவளிடம் சொல்ல ஒரு காரணம் இருந்தது, தீர்வாகத் திருமணமும் இருந்தது. இந்த நோயாளியின் வீட்டாரிடம் இரண்டும் இல்லை.

மருத்துவமே இதில் மெல்லத்தான் மாறியது. அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 1990ஆம் ஆண்டு வரையறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்தி 11 இடங்களிலாவது வலி இருக்க வேண்டும். 2010இல் வந்த வரையறை அந்தக் கட்டாயத்தை நீக்கி, எங்கெங்கே வலி, எவ்வளவு களைப்பு, தூக்கம் எப்படி, நினைவு தடுமாறுகிறதா என்று கேட்கிறது. மருத்துவரின் கட்டைவிரல் இருந்த இடத்துக்கு நோயாளியின் சொல் வந்திருக்கிறது.

வீடுகளில் அந்த மாற்றம் இன்னும் நடக்கவில்லை. வெறியாட்டுப் பாடல்களை நடத்தும்போது மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: காரணம் தெரியாவிட்டாலும் தோழி நம்பியிருப்பாளா? நோயுற்றவளின் சொல்லே சாட்சியமாகப் போதும் என்று ஏற்பதுதான் இன்றைய அறத்தொடு நிற்றல். "இன்னைக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்டு, மிச்ச வேலையை வீட்டு ஆண்களும் எடுத்துச் செய்யும்போதுதான் அது முழுமையாகும்.