செவி வழிச் சரித்திரம்: லிப்ரிவாக்ஸ் ஒலிப்பதிவுகளில் மூன்று கிறிஸ்தவ கிரந்தங்கள்

உலக சரித்திரத்தைக் கிறிஸ்தவ நோக்கில் எழுதிவைத்த பழைய ஆசிரியர்களுள் பிரசித்தி பெற்ற மூவரை, அதாவது செசரியா நகரத்து அத்தியட்சரான யூசேபியஸையும், ஹிப்போ நகரத்து அகஸ்தீனாரையும், வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவியான பீட் அடிகளாரையும், ஒரு காசும் செலவழிக்காமல் கைப்பேசியில் கேட்கலாம் என்பதை நம்மில் அநேகர் அறியார். மான்ட்ரியால் நகரத்து ஹ்யூ மெக்குவையர் என்பவர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்னும் முயற்சி, பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களைத் தொண்டர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து, அந்த ஒலிப்பதிவுகளையும் உரிமை ஏதும் கோராமல் பொதுச் சொத்தாகவே விட்டுவிடுகிறது. நான் கேட்ட இந்த மூன்று நூல்களின் பதிவுகளும் ஆங்கிலத்தில் உள்ள பழைய மொழிபெயர்ப்புகள்; அகஸ்தீனாரின் ‘கடவுளின் நகரம்’ 1871இல் மார்க்கஸ் டாட்ஸ் மேற்பார்வையில் வந்தது, யூசேபியஸின் திருச்சபைச் சரித்திரத்தை மெக்கிஃபர்ட் 1890இல் பெயர்த்தார். ஆகவே ஆங்கிலச் செவிப்பழக்கம் ஓரளவேனும் உள்ளவர்களுக்கே இந்த விமர்சனம் பயன்படும்.

முதலில் கருவி விஷயம். 64 கிலோபிட் தரத்தில் உள்ள எம்பி3 கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி இடம் பிடிக்கும். 128 கிலோபிட் ஆனால் அதில் இரு மடங்கு. மனிதக் குரல் ஒன்றையே கேட்பதற்குச் சிறிய கோப்பே போதுமானது என்பது என் அபிப்பிராயம். பெரியதை இறக்கியவர் அடையும் லாபம், வாசிப்பவர் மூச்சு வாங்குவதும் தாளைப் புரட்டுவதும் தெளிவாகக் கேட்பது மட்டுமே. கேட்டு நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆடியோபுக் செயலி ஒன்றை அவசியம் நிறுவிக்கொள்ள வேண்டும். பாட்டுக் கேட்பதற்கான சாதாரணச் செயலிகளில் சில, மூடித் திறந்தால் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். அங்கே இது லிப்ரிவாக்ஸ் பதிவு, பொதுச் சொத்து என்ற அறிவிப்பு மறுபடியும் காத்திருக்கும். அந்த அறிவிப்பு ஒவ்வொரு பகுதியின் தலையிலும் வருவதால், சிறு அத்தியாயங்கள் உள்ள நூல்களில் அது சற்றே பொறுமையைச் சோதிக்கிறது.

வாசிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். சில நூல்களை முதலிலிருந்து முடிவு வரை ஒரே குரல் வாசிக்கும். சிலவற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்வார்கள். பின்னதில் நேற்று அமெரிக்கக் குரலில் முடிந்த அத்தியாயம் இன்று ஸ்காத்லாந்து உச்சரிப்பில் தொடரும். ஒலியின் உரப்பும் ஏறி இறங்கும். பதிவிறக்கும் முன்பே இரண்டு நிமிஷம் மாதிரி கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் சரித்திர நூல் என்பது பல வாரங்கள் நம்மோடு வசிக்கப்போகும் குரல்.

இனிச் சாரத்துக்கு வருவோம். இந்த மூன்று கிரந்தங்களையும் அச்சில் படிக்காமல் காதால் கேட்பது கௌரவக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அகஸ்தீனார் தம் ஆசானாகிய அம்புரோஸ் வாய் திறவாமல் கண்ணால் மட்டும் படிப்பதைக் கண்டு, அதைத் தனித்துச் சொல்லத்தக்க செய்தியாகத் தம் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார் என்பதும், பீட் அடிகளார் தம் முகவுரையிலேயே படிப்போர், கேட்போர் ஆகிய இரு சாராரிடமும் தமக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டுகிறார் என்பதும் அவர்களுக்கு ஞாபகமிருந்தால் அந்த எண்ணம் மாறும். எழுதப்பட்ட காலத்தில் இவை உரக்க வாசிக்கப்பட்ட நூல்களே.

மூன்றிலும் காதுக்கு மிக உகந்தது பீட் அடிகளார் 731இல் நிறைவு செய்த ஆங்கில மக்களின் திருச்சபைச் சரித்திரம். அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றிலும் ஓர் அரசனோ, ஒரு துறவியோ, ஓர் அற்புதமோ முகம் காட்டுகிறது. நார்தம்பிரியா நாட்டு எட்வின் அரசன் புதிய சமயமான கிறிஸ்தவத்தை ஏற்கலாமா என்று சபை கூட்டி ஆராயும்போது, மனித வாழ்வு என்பது குளிர்காலத்து விருந்து மண்டபத்தில் ஒரு வாயிலால் நுழைந்து மறு வாயிலால் பறந்துவிடும் சிட்டுக்குருவி போன்றது, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை நாம் அறியோம் என்று பிரதானி ஒருவன் சொல்லும் இடத்தை, அச்சில் பலமுறை படித்த எனக்கும், குரலில் கேட்டபோதுதான் அது எவ்வளவு சுருக்கமான பேச்சு என்பது விளங்கிற்று. இன்னொரு சௌகரியமும் உண்டு. ஆண்டவர் மனிதாவதாரம் எடுத்த ஆண்டிலிருந்து கணக்கிடும் முறையை ஆறாம் நூற்றாண்டில் தயோனீசியஸ் என்னும் துறவி வகுத்தார் எனினும், அதைச் சரித்திரம் எழுதுவோரின் வழக்காக நிலைநாட்டியது பீட் அடிகளாரின் நூலே. ஆகையால் அவர் சொல்லும் ஆண்டுகள் காதில் விழுந்ததுமே மனத்தில் தமக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

யூசேபியஸிடம் இந்த உபகாரத்தை எதிர்பார்க்க முடியாது. அவர் காலத்தைச் சக்கரவர்த்திகளின் ஆட்சி ஆண்டுகளால் குறிப்பவர். அந்தோனீனஸ் வேருஸின் பதினேழாம் ஆண்டு என்று குரல் சொல்லிச் செல்லும்போது, அது கி.பி. 177 என்று கண்டுகொள்ள நாம் பதிவை நிறுத்திப் பட்டியல் தேட வேண்டியிருக்கிறது. அத்தியட்சர்களின் வரிசை வரும் அத்தியாயங்களோ தூக்கத்துக்கு நல்ல மருந்து. ஆனால் ஐந்தாம் புத்தகத்தில், லியோன், வியன் நகரத்துச் சபைகள் தம் இரத்தசாட்சிகளைப் பற்றி ஆசியாவிலும் பிரிகியாவிலும் உள்ள சகோதரர்களுக்கு விடுத்த நிருபம் வருகிறது. பிளந்தினாள் என்னும் அடிமைப் பெண் துன்புறுத்துவோரே சலித்துப்போகும்வரை சகித்து நின்ற வரலாற்றை நடந்துகொண்டே கேட்டவர் நடையை நிறுத்தாமல் இரார். சற்றுத் தள்ளி, பந்தேனுஸ் என்ற அறிஞர் இந்தியாவுக்குச் சென்றதாகவும், பர்த்தொலொமேயு விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷம் எபிரேய எழுத்தில் அங்கே இருக்கக் கண்டதாகவும் ஒரு செய்தி வருகிறது. அந்த இந்தியா நம் இந்தியாதானா, அன்றித் தென் அரேபியாவா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; ஒலிப்பதிவோ அரை நிமிஷத்தில் அதைக் கடந்துவிடுகிறது.

இங்கேதான் ஒலிநூலின் பெரிய குறை வெளிப்படுகிறது. நல்ல குரல் சந்தேகத்தைத் தூங்க வைத்துவிடும். எட்டாம் புத்தகத்தில் யூசேபியஸ், சபைத் தலைவர்களின் பிணக்குகளை விட்டுவிட்டு, தமக்கும் பின்வருவோருக்கும் பிரயோஜனமானவற்றை மட்டும் எழுதப்போவதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார். சரித்திர ஆசிரியர் கிப்பன் இதைப் பற்றிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது யாவரும் அறிந்ததே. அச்சில் படிப்பவன் அந்த வாக்கியத்தில் நின்று பென்சிலால் கோடிடுவான். கேட்பவன் அதே பக்தி தோய்ந்த குரலால் அடுத்த வாக்கியத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். மெக்கிஃபர்டின் பதிப்புக்கு உயிராக உள்ள அடிக்குறிப்புகளை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் தொண்டர்களுக்கு இல்லை.

அகஸ்தீனாரின் நூலோ வேறு வகை. 410இல் கோத்தர் மன்னன் அலாரிக்கின் படை ரோமாபுரியைச் சூறையாடியது பழைய தேவர்களைக் கைவிட்டதன் பலன் என்று பேசியவர்களுக்கு மறுப்பாகத் தொடங்கி, 426 வாக்கில் இருபத்திரண்டு புத்தகங்களாக முடிந்தது. நீதி நீங்கிய ராஜ்யங்கள் பெரிய கொள்ளைக் கூட்டங்களே என்று காட்டி, அலெக்சாந்தருக்குக் கடற்கொள்ளைக்காரன் ஒருவன் இறுத்த விடையைச் சொல்லும் நான்காம் புத்தகம் கேட்கக் கேட்கச் சுவை. பதினெட்டாம் புத்தகமோ அசீரிய மன்னர்கள், சிசியோன் மன்னர்கள், ஆர்கோஸ் மன்னர்கள் என்று பெயர்களைக் குவித்துக்கொண்டே போகிறது. உலகத்து ராஜ்யங்களின் வரலாறும் தேவ ஜனங்களின் வரலாறும் இணையாக ஓடுவதை நிறுவுவதே அவர் கருத்து. அதைக் கண்ணால் இரு பத்திகளாகக் கண்டால்தான் விளங்கும், காதுக்கு அது வெறும் நாமாவளி. நீண்ட வாக்கியங்களைத் தொடர வேகத்தை 0.8க்குக் குறைத்தும் பார்த்தேன். குரல்தான் சோர்ந்தது, வாக்கியம் விளங்கவில்லை.

பெயர்க் குழப்பமும் சிறிதன்று. 430இல் மறைந்த ஹிப்போ அகஸ்தீனாரைக் கேட்டு முடித்த கையோடு பீட் அடிகளாரைத் திறந்தால், 597இல் கென்ட் நாட்டில் இறங்கும் வேறோர் அகஸ்தீனார் எதிர்ப்படுகிறார். ஆண்டுகளையும் அரசர்களையும் எழுதிய ஒரு தாளையும், மத்தியதரைக் கடலின் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த இடர் பெரும்பாலும் தீரும்.

என் தீர்ப்பு இது. பீட் அடிகளாரை முழுமையாகக் கேளுங்கள். யூசேபியஸில் ஐந்தாம், எட்டாம் புத்தகங்களைக் கேட்டு, மற்றவற்றை அடிக்குறிப்புள்ள அச்சுப் பிரதியில் படியுங்கள். அகஸ்தீனாரில் முதல் ஐந்து புத்தகங்கள் வரை காதை நம்பலாம். அதற்கு மேல் நூல் கையில் இல்லாமல் ஒலிப்பதிவை மட்டும் இறக்குவது கைப்பேசியின் இடத்துக்கும் உங்கள் பொழுதுக்கும் நஷ்டம்.