மதுரைத் திட்டப் பக்கமும் மாணவர் கைப்பேசியும்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அலங்காரம் கிடையாது. 'என்னங்க, இவ்வளவு பழசா இருக்கு?' என்பீர்கள். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் படமல்ல; யூனிகோட் எழுத்து. சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம், பெரிதாக்கியும் படிக்கலாம். நாம் படமாக ஏற்றும் வண்ணக் குறிப்புகளில் சொல்லைத் தேட முடியுமா? சிரம்பான் தோட்டப்புறத்தில் ப்ரீபெய்ட் டேட்டாவில் எஸ்.பி.எம். இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கு எது உதவும், சொல்லுங்க?

குறையும் உண்டு. நீண்ட நூலும் பலவேளை ஒரே பக்கமாக நீள்கிறது. சிறிய திரையில் செய்யுளடி மடிந்தால், மடிந்த துண்டு புது அடிபோலத் தெரியும். மாணவர் அடியெதுகையைத் தவறாகக் குறிப்பார், மதிப்பெண் போகும். மடிந்த வரியைச் சற்று உள்தள்ளிக் காட்ட, சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி போதும். உங்கள் வகுப்புப் பக்கத்தில் முதலில் அதைச் செய்யுங்க, வண்ணம் பிறகு.