விரிவும் வேகமும்

அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் கால்பந்தாட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பிரதானம். நெடுங்காலம் வரை, திரண்டு நின்று எதிராளியை மோதித் தள்ளும் தேகபலமே அதன் லட்சணமாகக் கருதப்பட்டு வந்தது. 53 கஜத்துக்குச் சற்று அதிகமான மைதான அகலம் முழுவதும் ஆட்களைப் பரப்பி, எதிரணியையும் பரந்து நிற்கும்படி நிர்ப்பந்தித்து, இடையில் உண்டாகும் வெற்றிடத்தில் பந்தைச் செலுத்தும் 'ஸ்பிரெட்' சம்பிரதாயத்துக்கு, 1958-இல் ஒஹையோ மாகாணத்து மிடில்டவுன் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர் டைகர் எல்லிசன் செய்த பரீட்சைகளை ஓர் ஊற்றாகக் கொள்ளலாம்.

இந்தச் சம்பிரதாயத்தின் கிளைகளில் ஒன்றாக, பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் 1989 முதல் அயோவா வெஸ்லியன் கல்லூரியில் வளர்த்த 'ஏர் ரெய்டு' மார்க்கத்துக்கு எறிதலே உயிர். கற்க வேண்டிய ஆட்டங்கள் சிலவே, அப்பியாசமோ ஓயாதது. மற்றொரு கிளையாக, கிளென்வில் கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் உருவாக்கிய மார்க்கம் ஓட்டத்தைச் சார்ந்தது. சூக்ஷ்மத்தில் இதையே நான் உயர்ந்ததாக மதிக்கிறேன். எதிரணியின் கோடியில் நிற்பவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தை இயக்கும் குவார்ட்டர்பேக், ஓட்டக்காரனின் வயிற்றருகே பந்தை நீட்டியபடியே, கண்ணை மட்டும் அந்தக் கோடியாள்மேல் வைத்திருக்கிறான். கோடியாள் ஓட்டக்காரனை நோக்கிப் பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு, அவன் காலிசெய்த இடத்தின் வழியே தானே ஓடுகிறான். பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுகிறான். தடுக்க ஓர் ஆளைக்கூடச் செலவிடாமல் எதிரிகளில் ஒருவன் செயலற்றுப் போகிறான்.

இந்த விரிவோடு வேகத்தைப் பூரணமாக இணைத்தவர், 2009 முதல் 2012 வரை ஓரிகன் அணியை நடத்தி, 53 போட்டிகளில் 7-இல் மட்டுமே தோற்ற சிப் கெல்லி. அடுத்த ஆட்டத்தைத் தொடங்க விதி 40 விநாடி அனுமதித்தாலும், அவர் அணி கூடிப் பேசக் காத்திராமல், ஓரத்திலிருந்து உயர்த்தப்படும் சித்திரப் பலகைகளையும் கைச்சைகைகளையும் பார்த்து உடனே வரிசையில் நின்றுவிடும். தாக்கும் அணி ஆள் மாற்றினால், எதிரணியும் மாற்றிக்கொள்ள நடுவர் அவகாசம் தர வேண்டும்; மாற்றாவிட்டால் அந்த அவகாசம் இல்லை. எனவே எதிரணியில் களைத்தவர்களே களத்தில் சிக்கிக்கொள்வார்கள்.

பந்து எவ்வளவு நேரம் கைவசம் இருந்தது என்ற பழைய அளவுகோல் இங்கே பயன்படாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை கஜம் முன்னேறினார்கள் என்பதே சரியான பிரமாணம். ஏனெனில் முன்னேற்றமின்றி முயற்சிகள் வேகமாக வீணானால், ஒரு நிமிஷத்துக்குள் பந்து கைமாறி, இளைப்பாற உட்கார்ந்த தன் தற்காப்பு அணியே மறுபடியும் களமிறங்க நேரிடும்.