இரணியன் மைந்தர்

கொடியவனுக்கு நல்ல பிள்ளை பிறப்பது கதையுலகிற் புதிதன்று. நம்மிடையே எழுதப்படும் சிறுகதைகளையும் நாடகங்களையும், நாம் பார்க்கும் தமிழ்ப் படங்களையும் எடுத்துக்கொள்வோம். ஈவிரக்கமற்ற பண்ணையாருக்கு இளகிய மனங்கொண்ட மகள் ஒருத்தி இருப்பாள். தொழிலாளரை வதைக்கும் ஆலை முதலாளிக்கு நீதியுணர்வு மிக்க மகன் ஒருவன் இருப்பான். மகள் ஏழைக் கதாநாயகனைக் காதலிப்பாள்; மகன் வேலைநிறுத்தக்காரர் பக்கம் சேர்வான். இறுதிக் காட்சியில் தந்தை கண்ணீர் விட்டுத் திருந்துவார், அல்லது இறந்துபோவார். நிலமும் ஆலையும் நல்லவர் கைக்கு வந்து சேரும். வாசகன் நிம்மதியோடு எழுந்து செல்வான்.

இந்த நிம்மதியைத்தான் நாம் ஐயுற வேண்டியிருக்கிறது. நிலம் யாருக்கு உரியது என்னும் கேள்வி, நிலத்துக்கு உடையவர் எத்தகைய குணத்தினர் என்னும் கேள்வியாக இக்கதைகளில் மாறிவிடுகின்றது. முற்போக்கு எழுத்தாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் இக்குறைக்கு விலக்கானவர் அல்லர். ஆகவே இத்தகைய பாத்திரங்களை மதிப்பிடும்போது நாம் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். பெற்றோரினின்று வேறுபடும் தன்மையைப் பிள்ளை எங்கிருந்து பெற்றது? பெற்ற பின்னர், பெற்றோர் தேடிவைத்த பொருளையும் பதவியையும் அது என்ன செய்தது?

நம் மரபில் இவ்வகைப் பாத்திரங்களுக்கெல்லாம் மூத்தவன் பிரகலாதன். கம்பன் தன் யுத்த காண்டத்தில் வீடணன் வாயிலாக இராவணனுக்குச் சொல்லும் இரணியன் கதை வான்மீகியில் இல்லாதது. கம்பன் தானே விரும்பிச் சேர்த்தது. தந்தைக்கும் மகனுக்கும் மூளும் பகை அங்கே போர்க்களத்தில் அன்று, ஆசிரியன் முன்னிலையிலே தொடங்குகின்றது. உலகமெல்லாம் இரணியன் பெயரையே ஓத வேண்டும் என்பது ஆணை. அரசன் மகனும் அதனையே ஓத வேண்டும். பிள்ளை மறுக்கின்றது, ஆசிரியன் நடுங்குகின்றான். அதிகாரம் கல்வியை எவ்வாறு தன் கைக்கருவியாக்குகிறது என்பதற்கு இக்காட்சியிலும் சிறந்ததொன்றைக் காண்பது அரிது.

ஆயின் நம் முதல் வினாவுக்குப் புராணம் தரும் விடை என்ன? தாய் வயிற்றில் இருக்கையிலேயே நாரதரிடம் கேட்டறிந்தான் என்கிறது பாகவதம். வேறுபாடு பிறப்பதற்கு முன்னரே அருளப்பட்டுவிடுகின்றது. வாழ்க்கையிலிருந்து அவன் கற்க வேண்டியது எதுவுமில்லை. இரணியன் பெயரை ஓதி ஓதி நாட்களைக் கழித்த குடிமக்கள் அவனோடு பேசியதாகவோ, அவன் அவர்கள் துயரைக் கண்டதாகவோ கதை கூறவில்லை. இரண்டாம் வினாவுக்கு விடை இன்னும் சுருக்கமானது: தந்தை மடிந்தான், மகன் முடி சூடினான். 1934ஆம் ஆண்டில் மேடையேறிய பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ இக்கதையைத் தலைகீழாக்கித் தந்தையை வீரனாகவும், மகனைப் பிறர் சூழ்ச்சிக்கு இரையானவனாகவும் காட்டியது. கொடியவன் யார் என்பது கதை சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று தமிழருக்கு உணர்த்தியமை அந்நாடகத்தின் சாதனையாகும். எனினும் அங்கும் மகனின் வேறுபாடு வெளியார் ஊட்டியதே அன்றி, அவனுள் வளர்ந்ததன்று.

இனி, அருளும் சூழ்ச்சியும் இல்லாத உலகமொன்றைக் காண்போம். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1833இல் வெளியிட்ட ‘யூஜெனி கிராந்தே’ ஒரு கஞ்சனின் கதையாகவே பலராலும் நினைவுகூரப்படுகின்றது. சோமூர் நகரத்துக் கிராந்தே பீப்பாய் செய்யும் தொழிலாளியாய் இருந்தவன். பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலான திருச்சபை நிலங்களை மனைவியின் சீதனப் பணத்தைக் கொண்டு மலிவாக வாங்கினான், குடியரசுப் படைகளுக்குத் திராட்சைமது விற்றான், செல்வனானான். அவன் ஒரே மகள் யூஜெனி. பாரிசிலிருந்து வந்த சிற்றப்பன் மகன் சார்ல்ஸ் தந்தையையும் செல்வத்தையும் ஒருங்கே இழந்து நிற்கும்போது, தன் பிறந்தநாள்தோறும் தந்தை கொடுத்துவந்த பொற்காசுகள் அனைத்தையும் அவள் அவனிடம் கொடுத்துவிடுகிறாள். உண்மை தெரிந்ததும் தந்தை அவளை அறையிற் பூட்டி ரொட்டியும் தண்ணீரும் மாத்திரமே கொடுக்கிறான். அத்துயரிலே தாய் நோயுற்று இறக்கிறாள். தாய்வழிச் சொத்துக்கு உரிமை இல்லை என மகளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறான்.

நமது எழுத்தாளர் பலர் இவ்விடத்திலே கதையை முடித்து, மகளுக்குக் காதலனையும் கஞ்சனுக்குத் தண்டனையையும் அளித்திருப்பர். பால்சாக் அவ்வாறு செய்யவில்லை. தந்தைக்காகக் கதறியழுத சார்ல்ஸ், கடல் கடந்து சென்று அடிமை வியாபாரத்திற் பொருள் திரட்டிக் கல்நெஞ்சனாய்த் திரும்புகின்றான். பட்டமும் பதவியும் வேண்டி வேறொருத்தியை மணக்கின்றான். யூஜெனியோ தந்தை இறந்தபின் ஏறக்குறைய 1 கோடி 70 இலட்சம் பிராங்குக்கு உரியவளாகின்றாள். சார்ல்சின் தந்தை பட்ட கடன்களைத் தானே தீர்க்கிறாள். தர்மசாலைக்கும் பள்ளிக்கும் பொருள் வழங்குகிறாள். ஆயினும் தந்தை குளிர்காயத் தீ மூட்ட அனுமதித்த அதே நாட்களில்தான் அவள் வீட்டிலும் தீ மூட்டப்படுகின்றது. குத்தகைக்காரர் முன்போலவே குத்தகை செலுத்துகின்றனர். அவள் உள்ளம் தந்தையினுடையது அன்று; அவள் வீடு தந்தையினுடையதே. பால்சாக் அரசியலில் முடியாட்சிப் பற்றாளராய் இருந்தும், தம் விருப்புக்கு மாறான உண்மைகளையும் எழுத நேர்ந்தமையை ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதமொன்றிற் பாராட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது. யூஜெனியின் மீது அவருக்கு அளவிறந்த பரிவு உண்டு. ஆனாற் பரிவு காரணமாக அவர் பொய் சொல்லவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லர் இதே பிரச்சினையை இன்னும் கூர்மையாக எழுப்பினார். 1947இல் மேடையேறிய ‘எல்லோரும் என் மைந்தரே’ நாடகத்தில் வரும் ஜோ கெல்லர் இரணியனைப் போன்ற அசுரனல்லன். அயலவர் விரும்பும் நல்ல குடும்பத் தலைவன். போர்க்காலத்தில் வெடிப்பு விழுந்த விமான இயந்திரப் பகுதிகளை வெடிப்பை மறைத்து அனுப்புமாறு கூட்டாளிக்குத் தொலைபேசியிற் கூறியவன். அன்று சுகவீனம் என்று வீட்டிலிருந்துகொண்டவன். விமானிகள் 21 பேர் மாண்டனர். கூட்டாளி சிறை சென்றான், கெல்லர் தப்பினான். அவன் கூறும் நியாயம் யாவரும் அறிந்ததே: எல்லாம் குடும்பத்துக்காக, பிள்ளைகளுக்காக.

மூத்த மகன் கிறிஸ் நேர்மையானவன். அவனது நேர்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு மில்லர் தெளிவான விடை தருகின்றார். போரில் அவன் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினான். அவனுடைய வீரர்கள் ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுத்ததைக் கண்டான். மனிதன் மனிதனுக்குக் கடமைப்பட்டவன் என்பதை அவன் கற்றது அங்கே. ஊர் திரும்பி வங்கிப் புத்தகத்தைத் திறக்கவும் புதிய காரில் ஏறவும் அவனுக்கு வெட்கமாயிருந்தது. ஆனால் தந்தையின் தொழிற்சாலையை விட்டு அவன் விலகவில்லை. உண்மை வெளிப்பட்ட பின்னரே, தந்தைமீது தனக்குச் சந்தேகம் இருந்தது என்றும், சந்தேகித்தும் தான் எதுவும் செய்யவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். நாடகத்தின் உயிர்நிலை இவ்வொப்புதலே என்பது என் கருத்து. விமானியான தம்பி லாரி தந்தையின் செயலைப் பத்திரிகையிற் படித்து, நாணம் தாளாது தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். அவனுடைய கடிதத்தைக் கேட்ட தந்தை தன்னைச் சுட்டுக்கொள்கிறான். ஒரு வீட்டில் இரு நல்ல பிள்ளைகள். ஒருவன் அறிந்து இறந்தான், மற்றவன் அறிய மறுத்து வாழ்ந்தான். நல்லவனாயிருப்பதும் உண்மையைக் கேட்கத் துணிவதும் ஒன்றல்ல என்று மில்லர் நமக்குக் காட்டுகின்றார். பழுதான பொறிகளைப் படைக்கு விற்ற தந்தையை மகளொருத்தி அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்த செய்தி ஒன்றைக் கேட்டமையே இந்நாடகத்துக்கு வித்து என அவர் பின்னர் எழுதியுள்ளார். வாழ்க்கையில் அந்த மகள் செய்யத் துணிந்ததை நாடகத்து மகன் செய்யத் தயங்கினான்.

மாக்சிம் கோர்க்கி 1906இல் எழுதிய ‘தாய்’ நாவலை நம் வாசகர் நன்கறிவர். அதன் நாயகன் பாவெலின் தந்தை மிகயீல் விலாசவ் செல்வனல்லன். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஆலைத் தொழிலாளி. வீட்டளவில் அவனும் ஓர் இரணியனே. பதினான்கு வயதுப் பாவெல் சம்மட்டியைக் கையிலெடுத்துத் தந்தையின் அடியைத் தடுக்கிறான். ஆனால் தந்தை இறந்ததும் நிகழ்வது யாது? மகனும் குடித்துவிட்டு வந்து, தந்தையைப் போலவே மேசையில் அடித்துச் சோறு கேட்கிறான். கோர்க்கியின் நேர்மை இவ்விடத்தில் விளங்குகின்றது. தந்தையை எதிர்ப்பதனால் மட்டும் ஒருவன் தந்தையினின்று வேறாகிவிடுவதில்லை. நூல்களும் தோழர்களும் வந்த பின்னரே பாவெல் வேறு மனிதனாகின்றான். அதன் பின்னர் தாயிடம் அவன் சொல்வது கவனிக்கத்தக்கது. தந்தை தன் வாழ்வின் துயரத்தையே அவள் முதுகில் அடித்துத் தீர்த்தார் என்றும், அத்துயரம் எங்கிருந்து வந்ததென அவருக்கே விளங்கவில்லை என்றும் அவன் கூறுகிறான். தந்தையை வெறுத்த பிள்ளை தந்தையை ஆக்கியது எது என்று கேட்கத் தொடங்கிவிட்டது. 1902இல் சோர்மோவோ ஆலைத் தொழிலாளர் நடத்திய மேதின ஊர்வலத்தை ஆதாரமாகக் கொண்ட இந்நாவலில், பின்னர் மகனிடமிருந்து தாயும் கற்கின்றாள். இம்மாற்றத்தின் படிகளைக் கோர்க்கி மிக விரைந்து கடந்துவிடுகின்றார் என்பது உண்மையே. பாவெல் முதல் நூலை ஏன் கையிலெடுத்தான் என அறிய நாம் விரும்புகிறோம், அவர் சொல்லவில்லை. எனினும் அவர் கேட்ட கேள்வி சரியானது.

இவ்வினாக்கள் இலக்கியத்தோடு நின்றுவிடுவனவல்ல. வாசகருட் பலர் ஆசிரியர்கள். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! குடிகாரன் மகன், கள்ளன் மகன், இன்ன சாதியான் மகன் என்று பின்வாங்கில் ஒதுக்கப்பட்ட சிறுவர் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனத்தை எதிர்த்தவர்களும் குணம் பிறப்பால் வருவது என்றே நம்பினர். நல்ல பண்ணையார் மகளை நம்பும் மனமும், கெட்ட குடிகாரன் மகனை ஐயுறும் மனமும் வேறுவேறல்ல. இரண்டும் குணத்தைப் பார்க்கின்றன. குணம் விளையும் நிலத்தைப் பார்க்க மறுக்கின்றன.

நம் எழுத்தாளர் நல்ல பிள்ளைகளைப் படைக்கக்கூடாது என்பது நமது வாதமன்று. அவர்கள் படைக்கட்டும். அப்பிள்ளை யாரிடம் கற்றது, எவரோடு பழகியது, எவ்விடத்தில் தயங்கியது, தந்தையின் சோற்றை உண்டுகொண்டே எத்தனை நாள் மௌனமாயிருந்தது என்பவற்றையும் சேர்த்துப் படைக்கட்டும். தந்தை மடிந்த பின்னர் சாவிக்கொத்து யார் கையில் இருக்கிறது என்பதையும் மறவாது எழுதட்டும்.