வீட்டு விமானத்தின் கால்கள்

காது கேளாத, வாய் பேச இயலாத சஜி தாமஸ் இடுக்கி மாவட்டத்தில் தன் கையால் கட்டிய சிறு விமானம், 2014இல் நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். மும்பை காந்திவலியின் மொட்டைமாடியில் அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016இல் கண்காட்சிக்கு வந்தது. பறக்க அனுமதி கிடைத்தது 2019இல். இவர்களின் உழைப்பை மதிப்பதால்தான் இந்த முயற்சிகளில் எளிதில் சறுக்கக்கூடிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது லேண்டிங் கியர், அதாவது சக்கரங்களைத் தாங்கும் கால்.

வீட்டுப் பட்டறையை இளக்காரமாக எண்ண வேண்டாம். வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டையையே காலாக வைக்கும் எளிய அமைப்பைத் தந்தவர், சொந்தமாக விமானங்கள் கட்டிய ஸ்டீவ் விட்மன். செஸ்னா நிறுவனம் அதன் உரிமையை வாங்கித் தன் விமானங்களில் பொருத்தியது. எண்ணெய் கசியும் உருளையோ தேயும் மூட்டோ அதில் இல்லை.

ஆனால் ஒருவருக்கு வாய்த்த வடிவம் எல்லா மண்ணுக்கும் பொருந்திவிடாது. உலகில் பத்தாயிரத்துக்கு மேல் கட்டிப் பறக்கவிடப்பட்ட, வீட்டில் கட்டும் ஆர்.வி. விமான வரிசையில், மூக்குச்சக்கரம் கொண்ட மாடல்கள் சில மென்மையான தரையில் குப்புறக் கவிழ்ந்தன. சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் முனை மண்ணில் குத்த, மெல்லிய கால் பின்னோக்கி மடிந்தது. அமெரிக்க விபத்துப் புலனாய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஆர்.வி. நிறுவனம் தரைக்கு எளிதில் எட்டாதபடி கவையை மாற்றியது. புல்தரையிலும் மண்பாதையிலும் இறங்க நினைப்பவருக்கு இது முக்கியமான பாடம்.

கால் ஒடிவது உயிர்ப்பலிக்குப் பெரிய காரணமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் அமெரிக்கச் சிறுவிமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதமே வீட்டில் கட்டியவை; உயிர்ச்சேத விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 சதவீதம். எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் அங்கே முன்னால் நின்றன. இருந்தும் காலின் குறை என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதைப் பறக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆலையில் செய்யும் சிறுவிமானத்தின் காலை, எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் ஏற்ப 9.2 முதல் 18.7 அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டுச் சோதிக்கும் முறை அமெரிக்க விதியில் நெடுங்காலம் இருந்தது. வீட்டில் கட்டுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெல்டிங் சூட்டில் பற்றுக்கு அருகே உலோகம் நொறுங்கும் தன்மை அடைந்திருந்தால், கண்ணுக்கு அது தெரியாது; கீழே விழும் அதிர்ச்சியில்தான் வெளிப்படும். கட்டாயம் இல்லை என்பதற்காக இதைத் தவிர்ப்பது பெரும் தவறு.

இந்தச் சோதனைக்கு வேண்டியவை எங்கள் பக்கத்திலேயே உள்ளன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன; லேத், வெல்டிங் பட்டறைகளுக்கும் இங்கே குறைவில்லை. திருச்சி சாலையில் சற்றுத் தள்ளி, உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் கிடக்கிறது. ஒரு கப்பி, எடை அளக்கும் கருவி, வேகமாகப் படமெடுக்கும் கேமரா ஆகியவற்றைக் கொண்டு இந்தச் சோதனைக்கான சட்டகத்தை மாணவர்களே அமைத்துவிடலாம். விமானம் கட்டும் கனவோடு வருகிறவரிடம் முதலில் காலைக் கேளுங்கள். அதைப் போட்டுப் பார்த்த பிறகே இறக்கையைப் பற்றிப் பேசுங்கள்.