பெயரெழுதிய பேனா

ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" (1993) நாவலைப் படிப்போர் ஜப்பானியர் கொடுமையை எண்ணிக் கண்ணீர் உகுக்கின்றனர். நன்று. ஆயினும் ஒரு கேள்வி. 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட, மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனரே. எந்த லயத்தில் எவன் இருந்தான் என்பதைப் பட்டாளத்தான் எங்ஙனம் அறிந்தான்? தொகை கேட்டவன் அவன். ஆளைக் காட்டியது செக்ரோல். அதை எழுதியவன் நம்மவனாகிய கிராணி.

மறுத்தால் உதை என்பது மெய்யே. எனினும், உறவினன் பெயரை விடுத்து நாதியற்றவன் பெயரை எழுதியிருப்பின், அத்தேர்வு யாருடையது?

பண்டமாரானில் வசிக்கும் தோட்டக் கிராணியாகிய யான் இதைப் பிறர்மேற் பழியாகக் கூறவில்லை. அன்னியனை மட்டும் காட்டும் இலக்கியம் அழச்செய்யும். நம் மேசையையும் காட்டும் இலக்கியமே நம்மைத் திருத்தும். நம் எழுத்தாளர் அதனையும் எழுதுவாராக!