கிழக்கு ஜேர்மனியின் இலச்சினை

1949 முதல் 1990 வரை நிலவிய கிழக்கு ஜேர்மனி, ஜேர்மனிய அரசுகளின் பழைய கழுகினை விடுத்துத் தொழிற்கருவிகளைத் தன் இலச்சினையாக்கிற்று. சுத்தியல் தொழிலாளரைக் குறித்தது. 1953இற் சேர்ந்த கவராயம் அறிவாளரைக் குறித்தது. இவற்றைச் சூழ்ந்த கதிர்வளையம் உழவர்க்குரியது. கேடயம் இன்மையின் மரபறிந்தோர் இதனை முறையான இலச்சினையெனக் கொள்ளார். அது பெருங்குறையன்று. ஏனையோர்க்குக் கருவியை அளித்த ஓவியம் உழவனுக்கு அவன் விளைவித்ததை மட்டுமே அளித்தது. சோவியத்து இலச்சினையிலுள்ள அரிவாள்தானும் இங்கில்லை. தொழிலாளர் உழவர் அரசெனத் தன்னைக் கூறிக்கொண்ட நாட்டில், உழவன் பிறர் கருவிகளுக்குச் சூட்டிய மாலையாயினான்.

1959இற் கொடியின் நடுவே ஏறிய இச்சின்னத்தை 1989இல் மக்கள் பலர் வெட்டியெடுத்தனர். வட்டவடிவம் அதற்கும் வாய்ப்பாயிற்றுப் போலும்! எஞ்சிய கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் மேற்கு ஜேர்மனியின் கொடிக்கும் உரியனவே.